வணக்கம், யாருடா நீ

அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அண்ணன் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மணி காலை ஆறரை. திரையில் ஒரே ஒரு வரி நின்றது: "உன் பெயர் என்ன?"

அது அவள் எழுதிய நிரல். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லி, வயதைக் கேட்டுப் பிறந்த வருஷத்தைச் சொல்லும் குட்டி நிரல். வீட்டில் யாரையும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டறியாதவள், ஒரு இயந்திரத்தைக் கேள்வி கேட்க வைத்திருந்தாள். பத்து மணிக்கு லேப் டெஸ்ட். போகாவிட்டால் அந்தப் பாடமே போச்சு. நிரலை ஓடவிட்டுவிட்டு எழுந்து போனதுதான் அவள் செய்த குற்றம்.

"யாருடி இவன்? காலங்காத்தால பேரைக் கேக்கிறான்?"

"யாரும் இல்லண்ணா. நான் எழுதின ப்ரோக்ராம் அது."

"யார்கிட்ட காது குத்துற?"

டயர் கடையில் வேலை செய்து தடித்த இரண்டு விரல்களால் எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்தினான்: யாருடா நீ.

"வணக்கம், யாருடா நீ. உன்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி. உனக்கு என்ன வயது?"

வேறு வீடாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "என்கிட்டயே நக்கலா?" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டு, "வெட்டிடுவேன்" என்று அடித்தான். வயது கேட்ட இடத்தில் எண் அல்லவா வேண்டும்? நிரல் அப்படியே நின்றுபோய், சிவப்பு எழுத்தில் நாலைந்து வரிப் பிழைச் செய்தியைக் கொட்டியது.

"பாத்தியா, ஓடிட்டான்!"

முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது. அடுத்து முடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியை மேசை விளிம்பில் மோதினான். "பேரைச் சொல்லு. எவன் அவன்?" சொல்வதற்குப் பெயர் ஏது? வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கியபோது, பல்கலைக்கழகம் இரவல் கொடுத்தது ஆயிற்றே என்று பதறிக் கையை நீட்டினாள். அது அவள் மணிக்கட்டின் மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த அம்மாவுக்கே கேட்டது.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அப்பா, கூடத்துக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். எல்லாமே கண்ணாடியில் தெரிந்தது. மிச்சமிருந்த கன்னத்தையும் முடித்துவிட்டு, துண்டால் துடைத்தபடி வந்தார். அவள் இடது கையால் தன் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். திரையில் வந்த அதே கேள்விகளோடு நிரல் முழுவதும் அவள் கையெழுத்தில் அதில் இருந்தது. அப்பா நிதானமாகப் படித்தார்.

"இவளே எழுதினதுதான்டா. அவனும் இல்ல, எவனும் இல்ல."

அண்ணன் தலையைச் சொறிந்தான். அவளுக்கு ஒரு நொடி உயிர் திரும்பி வந்தது.

"இருந்தாலும் சொல்றேன்," என்றார் அப்பா. "இன்னைக்கு மிஷின் பேரைக் கேக்குது, நாளைக்கு மனுஷன் கேப்பான். படிச்சது போதும்."

குற்றம் இல்லை என்று ஆகிவிட்டது. தண்டனையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. எவ்வளவு நேர்மையான வீடு!

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுவதற்கு முன் நர்ஸ் படிவத்தை எடுத்தாள். "எப்படிம்மா ஆச்சு?"

"படியில வழுக்கி விழுந்துட்டா," என்று அம்மா முந்திக்கொண்டாள். அவர்கள் வீட்டில் படியே கிடையாது. அந்த இல்லாத படியில் இதுவரை எத்தனை பெண்கள் விழுந்திருக்கிறார்களோ!

"இல்ல சிஸ்டர். அண்ணன் அடிச்சான். அப்படியே எழுதுங்க."

அம்மா அவள் தோளைக் கிள்ளினாள். "வாயை மூடுடி! இது போலீஸ் வரைக்கும் போகும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைவ?"

"இப்ப வீட்டுக்கு யாரும்மா போறா? பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட். ஒத்தக் கையால தட்டிக்கிறேன்."

நர்ஸ் தலை நிமிராமல் எழுதினாள். "அடிச்சது ஒருத்தர்தானே?"

"அடிச்சது ஒருத்தன்தான். அப்பா கண்ணாடியில பாத்துக்கிட்டே ஷேவ் பண்ணி முடிச்சாரு. அதையும் எழுதுங்க."