பதினான்காம் தீர்மானம்

தியோ ஐந்தரைக்கு எழுந்தான். அடுப்பில் விறகு வைத்தான். காபி போட்டு, பாலில்லாமல் குடித்தான். வாசற்படியில் கிடந்த பனியை வாரித் தள்ளினான். கதவோரம் இருந்த நீல பூட்ஸை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொண்டான். நீல பூட்ஸ் அவன் மனைவி கொரினுடையது. அவள் போய் மூன்று மாதம் ஆகிறது.

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அன்று ஊர்க்கூட்டம். தியோவின் ஊரான ஹாலோஃபோர்டில் ரோட்டுக்கு ஜல்லி போடுவது முதல் தீயணைப்பு வண்டி வாங்குவது வரை அன்றைக்குத்தான் முடிவாகும். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்காரும். சரி என்பவர்கள் சத்தமாகச் சரி என்பார்கள், வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்பார்கள். எந்தச் சத்தம் பெரிதோ அதுதான் தீர்ப்பு.

இந்த முறை பதினான்காவது தீர்மானம் கொரின் எழுதியது. ஊர்க் காவலரோ ஊர் அலுவலகமோ யாருடைய பெயரையும் விலாசத்தையும் குடியேற்றத்துறைக்குத் தாமாகக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான். அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் பாலத்தின் மேல் அவள் கார் பனியில் வழுக்கி ஆற்றில் விழுந்தது. போலீஸ் கொடுத்த பையில் கையெழுத்துத் தாள்கள் நனையாமல் இருந்தன. தியோ அவற்றைக் கொண்டுபோய் ஊர் அலுவலகத்தில் கொடுத்தான். அன்று அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

பதின்மூன்று தீர்மானங்கள் முடிந்தபோது மணி பன்னிரண்டரை. பின்னால் சமையலறையிலிருந்து வேகவைத்த பீன்ஸ் வாசனை வந்தது. ஊர்ச் சபைத் தலைவர் டெல்பர்ட் எழுந்து, கூட்டத்தை நடத்தும் லூசியனைப் பார்த்தார்.

"லூசியன், இதை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்னு முன்மொழியறேன். வாஷிங்டன் சண்டை வாஷிங்டன்லயே இருக்கட்டும். நமக்கு மதகு இருக்கு, மண்ரோடு இருக்கு. தியோ மனசையும் பார்க்கணுமில்ல. கொரின் கடைசியா, 'நம்ம ஊர ஒத்துமையா வச்சுக்கோங்க'ன்னு சொன்னாளாம். ஊர்ப் பத்திரிகையில போட்டிருந்தாங்க. அந்த ஒத்துமை உடைய வேணாம்."

அந்த ஊரில் ஒரு தீர்மானத்தை மரியாதையாகக் கொல்லும் வழி அது. விட்டுவிட்டுப் போய்விட்டால் யாரும் எதிர்த்ததாகக் கணக்கில்லை. பலர் தலையாட்டினார்கள். சிலர் தியோவைப் பரிவாகப் பார்த்தார்கள்.

தியோ எழுந்தான். "அவ அப்படிச் சொல்லலை."

"உன் நல்லதுக்குத்தாம்பா—"

"தெரியும், டெல்பர்ட். மூணு மாசமா என் நல்லதுக்குன்னு ஊரே மக்ரோனி சுட்டுக் கொண்டு வருது. ஃப்ரிட்ஜ்ல இடமில்லை. இன்னும் கொண்டு வாங்க, சாப்பிடறேன். ஆனா என் பேரைச் சொல்லி இதைப் புதைக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு என் வாசல்ல நட்ட தேர்தல் பலகையைப் பார்த்தே உங்களுக்குத் தெரியும். நாங்க தோத்துட்டோம். சரி. ஆனா வாஷிங்டன் இங்க வர்றப்ப நம்ம மண்ரோட்டுலதான் வரும். நம்ம காவலர்கிட்டதான் வழி கேட்கும். வழி சொல்றதா வேணாமான்னு முடிவு பண்றது நம்ம வேலை."

"காலேஜ் படிச்சவன் பிரசங்கத்த ஆரம்பிச்சுட்டான்," என்றது பின்வரிசை. "பீன்ஸ் ஆறுதுடா!"

"ஒரே கேள்விதான். இந்த ஊர்ல காலையில நாலு மணிக்கு மாடு கறக்கறது யாருன்னு தெரியாதவங்க கை தூக்குங்க. ஒரு கை தெரிஞ்சாலும் நான் உட்கார்ந்துடறேன்."

ஒரு கையும் உயரவில்லை. பண்ணைகளில் மாடு கறப்பவர்கள் அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தியோ எந்தப் பண்ணைக்காரரையும் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். டெல்பர்ட் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

லூசியன் தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். சரி என்ற குரல்கள் அங்கங்கே சிதறி வந்தன. வேண்டாம் என்ற குரல் கனமாக வந்தது. பண்ணைக்காரர்கள் வரிசை வாயே திறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கேட்கும்படி அவர்களால் எதையும் சொல்ல முடியாது. தீர்மானம் தோற்றது என்று அறிவிக்க லூசியன் சுத்தியலை எடுத்தார்.

"சீட்டுல எழுதிப் போடணும்னு கேட்கறேன்," என்றான் தியோ.

"அதுக்கு ஏழு பேர் எழுந்து நிக்கணும், தியோ."

தியோ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். நூலகப் பெண் எழுந்தாள். மிருக டாக்டரும் அவர் மனைவியும் எழுந்தார்கள். பிறகு இரண்டு ஆசிரியர்கள். ஆறு. லூசியன் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது. சுத்தியல் மெல்ல உயர்ந்தது.

பண்ணைக்காரர்கள் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆர்மண்ட் எழுந்தார். தன் கொட்டகைச் சுவர் முழுக்க ஜனாதிபதியின் பெயரை எழுதி வைத்திருப்பவர்.

"என்ன ஆர்மண்ட், நீயுமா?" என்றார் டெல்பர்ட்.

"முட்டி வலிக்குதுய்யா. காலை நீட்டறேன். நிக்கறவன எண்ணறதுன்னா எண்ணிக்கோ."

கூடம் சிரித்தது. லூசியன் எண்ணிக்கொண்டார்.

சீட்டு கிழித்துக் கொடுத்தார்கள். எல்லாரும் உள்ளங்கையால் மறைத்து எழுதினார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல. மரப்பெட்டியைத் திறந்து எண்ணியபோது சரி என்று எழுபத்து நான்கு, வேண்டாம் என்று அறுபத்தாறு. லூசியன் இரண்டு முறை படித்தார். யாரும் கை தட்டவில்லை. டெல்பர்ட், "சரி, சாப்பிடலாம்," என்றார்.

சாப்பாட்டு வரிசையில் தியோவுக்குப் பின்னால் ஆர்மண்ட் நின்றார். தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"நாளைக்கும் அந்தப் பேர் என் கொட்டகையில இருக்கும். தெரிஞ்சுக்கோ."

"இருக்கட்டும். என் பலகையும் இருக்கும்."

ஆர்மண்ட் தலையாட்டினார். பீன்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பத்திரிகையில போட்டது பொய்னியே. அப்போ என்னதான் சொன்னா?"

தியோ காபிக் கோப்பையை நிரப்பினான். பக்கத்தில் பால் கூஜா இருந்தது. அதை எடுத்து, கொஞ்சம் ஊற்றினான். அன்று காரைக் கிளப்பிய கொரின் கண்ணாடியை இறக்கிச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"பால் தீந்துபோச்சு. வர்றப்ப நானே வாங்கிட்டு வர்றேன்."