நகராத ஃபிலிம்

வாத்தியார் சிவஞானம் காலமான பின் அவருடைய பழைய ஃபிலிம் கேமரா மகன் விஜேந்திரனுக்கு வந்தது. ஷட்டர் இறுகி எப்போதோ நின்றுபோயிருந்தது. பதுளையில் வங்கி வேலையிலிருந்த விஜேந்திரன், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதைப் பிரித்தான். தகடுகளில் ஒட்டியிருந்த பழைய எண்ணெயைத் துடைத்தான். பின்மூடியில் பிசினாகிக் கிடந்த ஸ்பொஞ்சைச் சுரண்டிவிட்டுக் வெளிச்சம் புகாதபடி கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினான். கடைசியில் ஷட்டர் 'களுக்'கென்று திறந்து மூடியதும், மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினான். அன்று முதல் பார்த்தவர்களிடமெல்லாம் அதே பேச்சுத்தான்.

பேச்சு ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டம் வரைக்கும் போனது. வாத்தியார் ஆயுள் முழுக்கப் படிப்பித்த இடம் அது. ஒருநாள் அங்கிருந்து இராக்கம்மா ஃபோனில் பேசினாள்.

"தம்பி, எங்க கல்யாணத்த உங்க அப்பாதான் படம் புடிச்சாரு. மண்சரிவுல பழைய லயத்து வீட்டோட அதுவும் போயிருச்சு. இவருக்கு இப்ப ரொம்ப முடியல. அந்தக் கேமராவுலயே எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துத் தாங்களேன்."

"வர்றேன் பெரியம்மா. அப்பா எடுத்த மாதிரியே எடுத்துத் தர்றேன்."

அவள் புருஷன் சன்னாசிக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நோயாளிக் கோலத்தில் தன்னைப் படமெடுக்கக் கூடாதென்று வீட்டில் யாரையும் ஃபோனைத் தூக்க விடாத மனுஷன். விஜேந்திரன் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி லயத்து வாசலில் வைத்தார்கள். அந்த அசைவுக்கே மூச்சு இரைத்தது. இராக்கம்மா பச்சைச் சேலையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

லயமே கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் விஜேந்திரனுக்குப் பேச்சு பொங்கியது. ஷட்டரை எப்படிக் கழற்றினான், எப்படிச் சுத்தம் செய்தான் என்று விளக்கிக்கொண்டே ஃபிலிமை மாட்டி மூடினான். கை செய்ததைக் கண் பார்க்கவில்லை.

முதல் படத்தை எடுத்துவிட்டு ஃபிலிமைச் சுற்றும் நெம்புகோலைத் தள்ளினான். ஃபிலிம் நகர்ந்தால் இடது பக்கத்துக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். அது சுற்றவில்லை. மறுபடி தள்ளினான். அசையவில்லை. ஃபிலிமின் நுனி உள்ளே கழன்றுவிட்டது என்று அவனுக்கு உடனே விளங்கியது. மூடியைத் திறந்து சரியாக மாட்டக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் இவ்வளவு பீற்றிக்கொண்ட பிறகு, இத்தனை பேர் பார்க்க அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சன்னாசியின் மகள் சுபாஜினி ஃபோனோடு முன்னால் வந்தாள். "அண்ணே, நானும் இதுல ஒண்ணு எடுத்துக்கவா? அப்பா இன்னைக்குத்தான் சம்மதிச்சிருக்காரு."

"வேணாம்மா. அப்புறம் அவங்க கண்ணு அங்கயும் இங்கயும் போகும். இதுல வர்ற மாதிரி ஃபோன்ல வராது."

அவள் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் இன்னும் சில தடவை அமுக்கினான். ஒவ்வொரு 'களுக்'குக்கும் சன்னாசி சிரிக்கப் பார்த்தார்.

"நல்லா விழுந்துச்சா தம்பி?"

"அருமையா விழுந்துச்சுங்க."

வீட்டுக்கு வந்து போர்வைக்குள் வைத்துக் கேமராவைத் திறந்து தடவிப் பார்த்தான். சுருள் போட்டபடியே இருந்தது; ஒரு படமும் விழவில்லை. அடுத்த ஞாயிறு போய், இன்னும் ஒன்றிரண்டு எடுத்தால் நல்லது என்று சொல்லி எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அந்த ஞாயிறு வருமுன் சன்னாசி போய்விட்டார்.

"அந்தப் படத்தப் பெருசாக்கி மாலை போடணும்னு அம்மா சொல்றாங்கண்ணே. கையோட கொண்டு வந்துருங்க" என்றாள் சுபாஜினி ஃபோனில்.

பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டான். சாவு வீட்டில் தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு இராக்கம்மா முன்னால் போய் நின்றான்.

"பெரியம்மா, கொழும்புல ஃபிலிம் கழுவுற எடத்துல..."

அவன் முடிக்குமுன் அவளே சொன்னாள். "கெட்டுப்போச்சா? பழைய சாமான்தானே, நீங்க என்ன செய்வீங்க தம்பி. அன்னைக்குக் கூப்பிட்டவொடனே வந்தீங்களே, அது போதும்."

பொய்யை அவளே முடித்து வைத்துவிட்டாள். தலையாட்டினால் போதும், தப்பிவிடலாம். அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்ட அவனால் முடியவில்லை.

"இல்ல பெரியம்மா. கழுவவே குடுக்கல. ஃபிலிம் சுத்தவே இல்ல. மொதப் படத்துலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுக்கிட்டா எடுத்தீங்க?"

"ஆமாங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சுபாஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்குப் பூராவும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டே கெடந்தாரு. படம் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டிருந்தாரு" என்றாள் இராக்கம்மா. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சுபாஜினி உள்ளே போய் அப்பாவின் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "பெரகலயில பெருசாக்கித் தருவாங்க. இதையாவது செஞ்சு குடுங்க." இப்போது அவள் அண்ணே என்று சொல்லவில்லை.

பெரகலச் சந்தியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்த புஹாரி அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நம்ம சன்னாசியா? வாத்தியார்ட மகன் வந்து படம் புடிச்சதாச் சொன்னாங்களே. அதப் போடலியா?"

கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். தோட்டத்து முகங்கள்.

"நான்தான் அந்த மகன். படம் புடிக்கல. புடிக்கிற மாதிரி நின்னேன்" என்றான் விஜேந்திரன்.

புஹாரி அவனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மெஷினைப் போட்டார். சூடாக வந்த தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி தோட்டத்துக்குத் திரும்பினான். சுபாஜினி வாசலிலேயே அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குழி வெட்ட ஆட்கள் மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விஜேந்திரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் பின்னால் ஏறினான். வா என்றும் யாரும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.