இங்கே செல் உண்டு

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் மரம் அறுக்கிற மில் வைத்திருந்த காசிராஜனுக்குத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் செல்போன் வந்தது. வாங்கினார் என்று சொன்னால் சாதாரணமாகிவிடும். வந்தது என்றுதான் அவரே சொல்லுவார், பேரப்பிள்ளை பிறந்ததைச் சொல்லுகிற குரலில். அந்தத் தெருவில் அதுதான் முதல் செல். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. முழுசாகப் பைக்குள் போனால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று, சட்டைப்பையைத் தையல்காரரிடம் கொடுத்துப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

செல்லோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறவன், பெட்ரோல் பங்கில் பேசுகிறவன், மிஷின் பக்கத்தில் நின்று பேசுகிறவன் என்று படம் படமாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். காசிராஜன் அதைப் பெருமையாக மனைவி பரிபூரணத்திடம் காட்டினார்.

"பாத்தியாட்டி, எங்கெல்லாம் வச்சுப் பேசலாம்னு படம் போட்டே குடுத்திருக்கான்."

"மேல கோடு போட்டிருக்கானே?"

"முக்கியமானதுக்கு அடிக்கோடு போடுவாம்லா, அதான்."

"அடிக்கோடுன்னா அடியிலல்லா இருக்கணும்? இது குறுக்கால இருக்கு."

"வெளிநாட்டுக்காரன் அப்படித்தான் போடுவான்" என்று காசிராஜன் விஷயத்தை முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு புத்தகத்தில் இருந்த படங்களை ஒன்றுவிடாமல் நிறைவேற்றினார். செல்லைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். கழுத்து சாய்ந்த பக்கமே வண்டியும் சாய்ந்து, ஒரு பால்கோவா கடையின் வாசற்படியில் ஏறி நின்றது. கடைக்காரர் பதறவில்லை, எத்தனை கிலோ என்று கேட்டார். பெட்ரோல் பங்கில் செல் அடித்தபோது, குழாயைப் பிடித்திருந்த முத்துவீரன், "அண்ணாச்சி, வெளிய போங்க, வெளிய போங்க!" என்று கத்தினான். கத்திவிட்டுக் குழாயைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியது அவன்தான். காசிராஜன் அங்கேயே நின்று நிதானமாகப் பேசி முடித்தார்.

மில்லில்தான் வினை வந்தது. வீட்டுக்குள் டவர் கிடையாது, மொட்டைமாடியிலும் கிடையாது. மில்லில், ரம்பம் ஓடுகிற மேடையை ஒட்டி ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூன்று கோடு காட்டியது. எனவே காசிராஜன் அங்கே நின்றுதான் பேசினார். ரம்பச் சத்தத்தில் எதிராளிக்குக் கேட்காது என்று தொண்டை கிழியக் கத்தினார். கத்தினால் மட்டும் போதாதென்று கையையும் ஆட்டினார். ஒருநாள், "எம்புட்டு நீளமா? இம்புட்டு நீளம்!" என்று கையை விரித்துக் காட்டினார். ரம்பம் சட்டைக்கையின் ஓரத்தைச் சரக்கென்று கத்தரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. தோலில் ஒரு கீறல் கூட இல்லை. ரம்பத்தில் நின்ற சோணைமுத்து மிஷினை அணைத்துவிட்டு மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான்.

"முதலாளி, இனிமே செல்லு உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றான்.

செய்தி வீட்டுக்குப் போக, பரிபூரணம் மில்லுக்கே வந்துவிட்டாள். "செல் வச்சிருக்கிறவுக யாரும் உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல ஒரு போர்டு எழுதிப் போடுங்க. மொத ஆளா நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெயிண்டர் ஆவுடையப்பன் வந்தான். காசிராஜனுக்குப் போர்டு பிடித்துத்தான் இருந்தது, வாசகம்தான் பிடிக்கவில்லை. செல் உள்ள மனிதனை உள்ளே வராதே என்று சொன்னால், அந்த மனிதனிடம் செல் இருக்கிறது என்பது ஊருக்கு எப்படித் தெரியும்? யோசித்து, தானே ஒன்று சொன்னார். கவனம், இங்கே செல் உண்டு.

"செல்போன்னு எழுதவா அண்ணாச்சி?"

"போன்னு போட்டா பழைய கறுப்பு போன்னு நெனப்பான். வெறும் செல்னே போடு. பெருசாப் போடு."

ஆவுடையப்பன் பெரிதாகவே போட்டான். தென்காசி பஸ்ஸில் போகிறவர்கள் கூட ஜன்னல் வழியாகப் படித்தார்கள்.

மரத்தொழிலில் நரைத்த மனிதர் காசிராஜன். செல் அரித்த மரம் என்றால் தொடக்கூட மாட்டார். கரையானைச் செல் என்று சொல்லித்தான் அவர் வளர்ந்தார், ஊரும் வளர்ந்தது. ஆனால் பைக்குள் இருக்கிற செல் வந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்ததே அவருக்கு மறந்துபோயிற்று. மோகம் அப்படி.

அந்த வாரம் ஒருவரும் மில் வாசலை மிதிக்கவில்லை. ஜன்னல் கட்டைக்கு முன்பணம் கொடுத்திருந்தவர் கூட வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார். ஏற்கெனவே பொங்கலுக்குப் பிறகு பெரிய வேலை எதுவும் வரவில்லை. இனி நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஹால் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு, ஜன்னல், மேடைக்குப் பலகை எல்லாம் வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் கிருபாபாய் மரம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அது கைவிட்டுப் போனால் சேத்தூர் மில்காரருக்குப் போய்விடும். மில்லைப் பூட்டி, சோணைமுத்துவை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். காசிராஜன் இரண்டு இரவு தூங்கவில்லை.

கிருபாபாய் டீச்சர் வந்தார். போர்டைப் படித்தார். வாசலைத் தாண்டவில்லை, குடையை மட்டும் மடக்கினார்.

"என்ன சார், உங்க மில்லுல செல் இருக்காமே?"

காசிராஜனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா டீச்சர், போன மாசந்தான் வந்துச்சு."

"வெளிய சொல்லிக்கிட வருத்தமா இல்லையா?"

"எதுக்கு டீச்சர் வருத்தம்? இந்தத் தெருவுலயே நம்மகிட்ட மட்டுந்தான் இருக்கு."

"எந்தப் பக்கம் இருக்கு?"

"எப்பவும் என் மேலதான். ராத்திரி தலைமாட்டுல கெடக்கும். பேத்தி எடுத்து வாயில வச்சுக் கடிக்கும், நாந்தான் பிடுங்கி வைப்பேன்."

டீச்சர் ஓரடி பின்னால் போனார். "மருந்து கிருந்து வைக்கலையா?"

"அதுக்கு மருந்தெல்லாம் எதுக்கு? ராத்திரி செத்த நேரம் கரண்டு குடுத்தாப் போதும். மறுநாள் பூரா தெம்பா இருக்கும்."

"கரண்டு குடுத்துமா சாகல?"

"குடுக்கலைன்னாத்தான் சாகும்" என்றார் காசிராஜன். "உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க டீச்சர், பள்ளிக்கூடத்துக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தாரேன்."

டீச்சர் குடையை விரிக்கக்கூட நிற்கவில்லை. வந்த பஸ்ஸுக்குக் கை காட்டி, அது நிற்கும் முன்பே ஏறிவிட்டார்.

உள்ளே மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்த சோணைமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முதலாளி, அவிய கரையானைக் கேட்டாவ. நீங்க போனைச் சொன்னீய."

காசிராஜன் வாசலுக்கு ஓடிப்போய்ப் போர்டை நிமிர்ந்து பார்த்தார். மரக்கடை வாசலில், அவருடைய சொந்தச் செலவில், ஒரு முழ எழுத்தில். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் செல்லை எடுத்தார். இந்தத் தடவை மிஷினை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் மேடைப் பக்கம் போனார். பள்ளிக்கூடத்து போனை டீச்சரே எடுத்தார்.

"டீச்சர், காசிராஜன் பேசுதேன். அது கரையான் இல்ல டீச்சர். நான் இப்ப செல்லுல இருந்துதான் பேசுதேன்!"

"எதுக்குள்ள இருந்து?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். "வீட்டுல வேற யாரும் பெரியவுக இருந்தா குடுங்க சார்."

போனில் இது தீராது என்று காசிராஜனுக்குப் புரிந்தது. ஸ்கூட்டரைத் தொடாதீர்கள் என்று பரிபூரணம் சொல்லியிருந்ததால் பஸ்ஸைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் ஹால் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் கொத்தனார்கள் நின்றார்கள், கலவைச் சட்டி கைமாறி மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே நின்ற டீச்சரிடம் செல்லை இரண்டு கையாலும் நீட்டி, "இதான் டீச்சர் செல்லு. என் மரத்துல ஒரு பூச்சி கெடையாது" என்றார். போர்டு வந்த கதை, பரிபூரணம் வந்த கதை, சட்டைக்கை போன கதை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார். உண்மையைச் சொன்னால் டீச்சருக்கு மனசு இறங்கும் என்று நினைத்தார்.

டீச்சர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கரையானா இருந்திருந்தாத் தேவலை சார்" என்றார். "அதுக்கு மருந்து இருக்கு. ஓடுற ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னு கையை ஆட்டிப் பேசுற மனுசருக்கு நான் எந்தக் கடையில போய் மருந்து வாங்க? பிள்ளைய படிக்கிற எடத்துக்குக் கதவு. ஒருத்தர் கையைக் காவு வாங்கிட்டு வர்ற கதவு எனக்கு வேண்டாம்."

இத்தனை நாளும் காசிராஜன் நினைத்து நினைத்துப் பயந்ததெல்லாம் இந்த ஆர்டர் போய்விடுமோ என்றுதான். கை போயிருக்கும் என்று இப்போதுதான் முதல்முதலாக உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செல் அடித்தது.

கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஒரு சித்தாள் தலையில் செங்கலோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை பேர் பார்க்க ஒரு தடவையாவது அடிக்காதா என்றுதான் மனிதர் வாங்கின நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தன்னால் பச்சைப் பொத்தானுக்குப் போயிற்று. காசிராஜன் மேலே பார்த்தார். தலைக்கு நேர் மேலே கலவைச் சட்டி ஒன்று கை மாறாமல் அந்தரத்தில் நின்றது, அதைப் பிடித்திருந்தவனும் செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காசிராஜன் சாரத்துக்கு அடியிலிருந்து விலகி வந்து, செல்லை மொத்தமாக அணைத்தார்.

"யாருன்னு கூடப் பாக்கலையே சார்?" என்றார் டீச்சர்.

"யாரா இருந்தாலும் பொறவு பேசிக்கிடலாம் டீச்சர்."

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மேலே நின்ற கொத்தனாரைக் கூப்பிட்டு, "இவிய கதவுக்கு அளவெடுக்கணுமாம், டேப்பைக் குடுங்க" என்றார்.