அக்காவின் ஓடுபாதை

கண்ணாடிக் கடையில் அவனுக்கு அரைமில்லி என்று பெயர். லென்ஸின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு லென்ஸ் எடுப்பான். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவன் கைபட்ட கண்ணாடியைப் போட்டுத் தலைவலி என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை, அதனால் வாயைத் திறக்க மாட்டார். இந்தப் புத்தி கடையோடு நின்றிருக்கலாம். பின்னாலேயே வீட்டுக்கும் வந்தது, அதுதான் வினை.

அவனுடைய அக்கா விமான நிலையத்து டவரில் இருபத்தாறு வருடம் இருந்தவள். மைக்கில் பேசி விமானங்களை ஒவ்வொன்றாக இறக்குகிற வேலை. மழையோ புகைமூட்டமோ, அவள் குரலைக் கேட்டால் விமானிகளுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவள் தன்னுடைய ஓடுபாதையை விமானியின் இருக்கையிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விமானி அறையில் உட்கார்ந்து போக இரண்டு முறை அனுமதி கிடைத்தது. ஒரு முறை அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு முறை இவனுடைய கல்யாணம். பயணியாகப் போனால் ஜன்னல் வழியாக இறக்கை தெரியும், அவ்வளவுதான்.

அவள் ஓய்வு பெற்ற வருடம் அவன் பின்னறையில் ஒரு விமான சிமுலேட்டர் அமைத்தான். கம்ப்யூட்டர், கைப்பிடி, கால் மிதிகள், கண்ணை மறைக்கிற மாதிரி தலையில் மாட்டிக்கொள்கிற விஆர் ஹெட்செட். மாட்டிக்கொண்டால் விமானி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"எங்க ரன்வே இதுல இருக்காடா?"

"உலகத்துல உள்ளது எல்லாமே இருக்குக்கா."

"அப்ப மாட்டி விடு. ஒரே ஒரு தடவை எறங்கிப் பாத்துடறேன்."

"இன்னும் சரியா செட் பண்ணல. படம் வெட்டி வெட்டி வருது. தலையத் திருப்பினா அது யோசிச்சுத்தான் திரும்புது, உனக்கு வாந்தி வந்துடும். அடுத்த ஞாயிறு வா, அசத்திடறேன்."

"கொஞ்சம் கலங்கலா இருந்தா என்ன, பரவால்ல."

"கலங்கலாக் காட்டறதுக்கா நான் கண்ணாடிக் கடையில இருக்கேன்?"

அக்கா சிரித்தாள். கைப்பிடியை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. படத்தின் கூர்மையை ஏற்றினால் ஓட்டம் திணறியது. மேகங்களைக் குறைத்தான், ஓட்டம் சீரானது, ஆனால் மேகம் பஞ்சு மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. நிழல்களை அணைத்தான். மரங்களைப் பாதியாக வெட்டினான். விமானி அறைக் கருவிகளில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. அவற்றைத் தெளிவாக்கினால் தூரத்துக் கட்டடங்களின் விளிம்பு மினுமினுத்தது. எல்லாம் கூடி வந்த ஒரு வாரம் கம்ப்யூட்டர் தானாக ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்தது. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அது தொண்ணூறிலிருந்து எண்பத்தெட்டுக்கு இறங்கினால் அவன் முகமும் இறங்கும்.

"அந்த நம்பரக் கட்டிக்கிட்டிருந்தா எனக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்காது" என்றாள் அவன் மனைவி.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். "ஆச்சாடா?" என்பாள். "இந்த மேகம் மட்டும்தான்க்கா பாக்கி" என்பான். அடுத்த வாரம் வேறு ஏதாவது பாக்கி இருக்கும். நடுவில் அவளுக்குப் புதுக் கண்ணாடி ஒன்று செய்துகொடுத்தான். நன்றாயிருக்கிறது என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. ஆறாவது ஞாயிறு டம்ளருக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றினாள். மனைவி ஓடிவந்து துடைத்தாள். வயதாகிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டே அவன் பின்னறைக்குப் போனான்.

எட்டாவது ஞாயிறு நடந்ததை நினைத்தால் இன்றும் அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஹெட்செட்டை அவளுக்கென்று பொருத்த, இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் வேண்டும். கடையில் தினமும் முப்பது பேருக்கு எடுக்கிற அளவு. அளவுகோலை அவள் மூக்குமேல் வைத்து, "என் நெத்தியப் பாருக்கா" என்றான். அவள் பார்வை ஓரமாகவே நழுவியது.

"நேராப் பாரு."

"நேராத்தான்டா பாக்கறேன்."

"எங்க பாக்கற? சின்னப் புள்ள மாதிரி ஆடாம இரு."

அதட்டினான். மூன்றாவது தடவையில் அளவு வந்தது, அறுபத்தொன்றரை மில்லி. வந்த சந்தோஷத்தில் எழுதிக்கொண்டான். வேறு யாராவது கடைக்கு வந்து இப்படிப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பான்.

பதினோராவது ஞாயிறு எல்லாம் முடிந்தது. மேகம் மேகமாக இருந்தது, எண் தொண்ணூறைவிட்டு அசையவில்லை. ஓடுபாதைக்குப் பத்து மைல் முன்னால் விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, அக்காவை உட்காரவைத்து, கிரீடம் சூட்டுகிறவனைப் போல ஹெட்செட்டை மாட்டினான்.

"ஆத்தாடி!" என்றாள். "ரோடு தெரியுதுடா. ஒரு ஏரி. இந்தப் பக்கம் வீடுங்க. ரன்வே எங்க?"

"நேரா முன்னாடி."

"அங்க ஒண்ணும் இல்லயே. கண்ண வேற பக்கம் திருப்பினா ஓரத்துல ஏதோ வெள்ளையா நிக்குது. அதத் திரும்பிப் பாத்தா காணோம்."

அவன் கூர்மையைக் கூட்டினான். லென்ஸைத் துடைத்தான். அரை மில்லி நகர்த்தினான், திரும்பவும் வைத்தான். விமானத்தை மறுபடி மறுபடி பத்து மைலுக்கு இழுத்துவந்தான். அக்கா அரைமணி நேரம் அவன் சொன்ன பக்கமெல்லாம் தலையைத் திருப்பினாள்.

"விடுடா" என்றாள் கடைசியில். "உன் மெஷின்ல ஒண்ணும் குத்தமில்ல. எனக்கு நடுப்பார்வை போயிடுச்சு. எதப் பாத்தாலும் பாக்கற எடம் மட்டும் இருக்காது. உன் மூஞ்சியும்தான்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "எப்பலேருந்து?"

"முதல் தடவை வந்தேனே, அன்னிக்குக் காலையிலதான் டாக்டர் சொன்னாரு. ஊசி போட்டுப் பாக்கலாம், நிக்கலைன்னா பார்வை மூணு மாசம்தான்னு. அதுக்குள்ள இதப் பாத்துடலாம்னுதான் நேரா இங்க வந்தேன். ஊசிக்கு நிக்கல, மூணு மாசமும் தாங்கல."

"சொல்லியிருக்கலாம்லக்கா!"

"சொல்லியிருந்தா நீ இதையெல்லாம் போட்டுட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவ. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் முடிச்சுடுவன்னு நெனச்சேன்."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான். "அன்னிக்கு மாட்டி விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டவரில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

பிறகு எழுந்து, ஹெட்செட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். "நீ மாட்டிக்கோ. பாத்துச் சொல்லு."

அவள் இடத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான். "துளி ஆட்டம் இல்லக்கா. அளவு எல்லாம்..."

"அத யாரு கேட்டா? ரன்வே எப்படி இருக்கு?"

இந்தப் பதினோரு வாரத்தில் முந்நூறு தடவையாவது அங்கே இறங்கியிருப்பான். ஓடுபாதையை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"சின்னதா இருக்குக்கா."

"எவ்வளவு சின்னதா?"

"கைய நீட்டிப் பிடிச்சா ஒரு தீக்குச்சி. சுத்தியும் வெறும் தரை."

பின்னாலிருந்து அக்காவின் கை அவன் தோளைத் தொட்டது.

"இத்தனூண்டுலயா அத்தனை பேரையும் எறங்கு எறங்குன்னேன்?" என்றாள். "எவ்வளவு பயந்திருப்பாங்க. ம், சொல்லு. கிட்ட வருதா?"

வந்துகொண்டிருந்தது. ஆனால் ஹெட்செட்டுக்குள் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. ஓடுபாதை கரைந்து, ஏரி கரைந்து, எல்லாம் ஒரே வெளிச்சமாயிற்று.

"தெரியலக்கா" என்று வாய்விட்டு அழுதான். "எனக்கு ஒண்ணும் தெரியல."

அக்காவின் குரல் மாறியது. டவரில் இருந்த குரல் அதுவாகத்தான் இருக்கும், அவன் அதுவரை கேட்டதில்லை.

"தெரியலைன்னா எறங்காத. மேல ஏத்து. ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப வா, நான் இருக்கேன்."

கைப்பிடியை இழுத்தான். விமானம் ஏறியது. முதல் ஞாயிறே அவளை இதில் உட்காரவைத்திருக்கலாம் என்று அழுதுகொண்டே வட்டமடித்தான்.