மோர் வருவதற்குள் ஆற்காடு

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்த சாமர்த்தியம் உத்திரமேரூர் ஏரிக்கரை கிளப்பைச் சேரும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, விளக்கு வைத்ததும், கிளப் கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை விழும். சோறு விழுந்த கையோடு ஒருவர் எழுந்து நின்று ஏதாவதொரு பழைய போரைச் சொல்ல ஆரம்பிப்பார். மற்றவர்கள் சாம்பாரைப் பிசைந்தபடி தலைகள் உருளுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மெம்பர்களில் ஒருவர்கூட ஒரு போரையும் கண்ணால் பார்த்ததில்லை, ஒரு பந்தியையும் தவறவிட்டதில்லை.

இந்தப் பழக்கம் வந்த கதை வேடிக்கை. யுத்த காலத்தில் ஊருக்குள் நல்ல ரேடியோ கிளப்பில்தான் இருந்தது. ஜெர்மன்காரன் எதுவரை வந்தான், ஜப்பான்காரன் எங்கே குண்டு போட்டான் என்று தினம் கேட்டு, கட்சி கட்டிச் சண்டை போட்டுப் பழகிவிட்டார்கள். யுத்தம் நின்றது, ரேடியோவில் வீணைக் கச்சேரி வைத்தான். சண்டை போட்டு ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா? நடக்கிற போர் இல்லாவிட்டால் போகிறது, நடந்த போராவது இருக்கட்டும் என்று இறங்கிவிட்டார்கள்.

சட்டம் ஒன்றே ஒன்று. போரைச் சொல்கிறவர் இலைகள் திறந்திருக்கும் வரை பேசலாம். கேட்க அலுத்தவர் தம் இலையை மூடிவிடுவார். பாதிப் பேர் மூடிவிட்டால் போர் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். சேனாதிபதி குதிரைமேல் ஏறியது ஏறியபடி இருக்க, எல்லோரும் கை கழுவப் போய்விடுவார்கள். புதிதாகச் சேர விரும்புகிறவருக்கும் இதே பரீட்சைதான். சொல்லி முடிக்கிற வரை பாதி இலைக்கு மேல் திறந்திருந்தால் அவர் மெம்பர், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அந்தப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தவள் ஞானசுந்தரி, பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்துக்காரி, நாற்பதைத் தொட்டவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யுத்தத்தின்போது பெண்கள் துணைப் படையில் சேர்ந்து மதராஸில் பட்டாளத்து டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். பயம் என்ற சரக்கை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்தவள் என்று ஊரில் சொல்வார்கள்.

அவளுக்கு எதற்குக் கிளப்? சீட்டாடவா? இல்லை. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு மறுநாள் மணி அடிக்கும் வரை அவளோடு சரிக்குச் சரி பேச ஊரில் ஆள் இல்லை. பெண்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள், ஆண்கள் மரியாதையாகக் கும்பிட்டார்கள். மரியாதை வயிற்றை நிரப்பாது. ஒரு விஷயத்தைச் சொன்னால் “அது எப்படி?” என்று மறுத்துப் பேச ஒரு குரல் வேண்டும், அதற்காக அவள் ஏங்கினாள். அந்தக் குரல்கள் மொத்தமும் சனிக்கிழமை கிளப் ஜன்னல் வழியாக, பக்கத்திலேயே இருந்த அவள் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. வேறு வீடு பார்த்துப் போகலாம், அல்லது கிளப்புக்குள் போகலாம். அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

கிளப் தலைவர் வீராசாமி நஞ்சை புஞ்சையும் நெல் மிஷினும் உள்ளவர். மனு வந்ததும் அதிகம் யோசிக்கவில்லை. பேசத் தெரிந்தால் பேசட்டும் என்றார். காரியதரிசி சந்தானம்தான் துள்ளினார். கோயில் கைங்கர்யக் குடும்பம், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வருஷம் தவறாமல் வந்தவாசிப் போரை நடத்துகிறவர். கலாசாரம், சம்பிரதாயம் என்று என்னென்னவோ சொன்னார். உண்மைக் காரணம் வேறு. கிளப் பந்தியில் எல்லோரும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துண்டோடு உட்காருவார்கள். கூடத்துக்கு ஒற்றை மின்விசிறி. ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்தால் ஆயுளுக்கும் சட்டையோடு சாப்பிட வேண்டும். சித்திரை வெயிலை நினைத்ததுமே மனிதர் துண்டை எடுத்து விசிறிக்கொண்டார்.

தலைவர் பேச்சைத் தட்ட முடியாது. ஆனால் சமையற்காரர் சேஷுவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமே. பரீட்சையன்று மத்தியானம் கிளப்பில் பாத்திரம் துலக்கும் சிட்டம்மாள் நேரே தலைமையாசிரியை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, ஒங்களுக்கு வேட்டு வெச்சிக்கினு கீறாங்க. ரெண்டு வாய் துன்றதுக்குள்ள மோரு வந்துடுமாம். இன்னிக்கு ரசம்கூட இல்லியாம். செகரட்ரி ஐயிரு சேஷுகிட்ட சொன்னத என் காதால கேட்டேன்.”

மோர்சாதம் ஆனால் இலை மூடத் தோதாகிவிடும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. போர் தொடங்குவதற்குள் பந்தி முடிந்துவிடும். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஞானசுந்தரி சிட்டம்மாளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுச் சிரித்தாள். சாப்பாட்டை வைத்து மடக்கப் பார்க்கிறார்களா? சாப்பாட்டைப் பற்றித்தானே அவள் பேசப் போகிறாள். கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கூடத்தில் அவள் நுழைந்தபோது இரண்டு வரிசையும் சட்டை போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. சேஷு கையில் சாதக் கூடை தயார். பேசுகிறவர் நிற்கும் இடத்தைச் சந்தானம் கை காட்டினார். அவள் அங்கே போகவில்லை, நேரே வீராசாமியின் பக்கம் திரும்பினாள்.

“நான் இன்னும் மெம்பர் இல்லீங்க. இன்னைக்கு விருந்தாளி. விருந்தாளிக்கு இலை போடாம பேச மட்டும் சொல்றது நம்ம பக்கத்துல வழக்கமா?”

வீராசாமிக்குச் சுருக்கென்றது. தம் தலைமையில் ஒரு விருந்தாளி பட்டினியாக நிற்பதா? பேச வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே பேசிப் பழகியதால் இதை யாரும் யோசித்ததே இல்லை. “நாயந்தான். போடுப்பா எல” என்றார். இரண்டு வரிசைக்கும் தலைமாட்டில், நடுவாக, அவளுக்கு இலை விழுந்தது. ஆண்கள் பந்தியில் ஒரு பெண் இலை போட்டு உட்காருவதை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது. சிலர் தொண்டையைச் செருமினார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

சந்தானத்துக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விருந்தாளி சாப்பிட்டு முடிக்காமல் பந்தியில் ஒருவரும் இலையை மூடக் கூடாது. மூடினால் விருந்தாளியை எழுந்து போ என்று சொன்ன மாதிரி. கிளப் சட்டம் நேற்று வந்தது, இது அவர் பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சட்டம். எலிக்கு வைத்த பொறியில் தம் விரலே சிக்கிக்கொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாம்பார் வந்தது, பின்னாலேயே மோரும் வந்தது. மெம்பர்கள் மளமளவென்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஞானசுந்தரி இன்னும் நாலு பருக்கையைக்கூட வாயில் போடவில்லை. ஆற்காட்டுக்குப் புறப்பட்ட கிளைவின் படையை அப்போதுதான் காஞ்சிபுரம் தாண்ட வைத்திருந்தாள். சேஷு மோரோடு பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, ரசம் வரட்டும் என்றாள். ரசம் இல்லை என்று ஒரு விருந்தாளியிடம் சொல்லும் வாய் சேஷுவுக்கு ஏது? சமையல் தொழிலுக்கே அவமானம். மோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பு மூட்ட ஓடினார்.

அவள் சாவகாசமாகக் கதையை விரித்தாள். உட்கார்ந்தபடியே, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் எட்டும் குரலில் பேசினாள். கோட்டைக்குள்ளே கிளைவும் கொஞ்சம் ஆட்களும், வெளியே ராஜா சாகிப்பும் பெரும் படையும், நடுவில் இடிந்த சுவரும் தூர்ந்த அகழியும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பது, மெம்பர்களுக்குத் தெரிந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் டெலிபோன் போர்டைக் கதைக்குள் இழுத்தாள். பட்டாளத்து லயனில் இரவு பகலாகக் காது கொடுத்தவளுக்கு வீரவசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லையாம். அரிசி மூட்டை வரவில்லை, வெங்காயம் அழுகிப்போயிற்று, கோவேறு கழுதைக்குக் கொள்ளு எங்கே, இவ்வளவுதானாம். ஆகையால் ஆற்காடு என்றதும் பீரங்கி அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, உலைப்பானைதான் தெரிந்தது.

“உள்ளே அரிசி குறைஞ்சுபோச்சு. அப்ப சிப்பாய்ங்க வந்து, சோறு வெள்ளைக்காரங்களுக்கு இருக்கட்டும், எங்களுக்கு வடிச்ச கஞ்சி போதும்னு சொன்னாங்களாம். புத்தகத்துல இதுக்கு விசுவாசம்னு பேர் வெச்சிருக்கான். நான் பத்து வருஷமா இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன், ஒரு நாளும் நம்பினதில்லை. அவங்களா சொன்னாங்களா, சொல்ல வெச்சாங்களா? இல்லேன்னா, சத்து எங்க இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

முதலில் சிரித்தவர் வீராசாமி. விடியற்காலையில் ஒரு சொம்பு கஞ்சி குடிக்காமல் கழனிக்குப் போகாத மனிதர். “கஞ்சி குட்ச்சவன் பொழுதுக்கும் நிப்பான். வெறுஞ்சோறு துன்னவன் தூங்கிடுவான்” என்றார். அவ்வளவுதான், கூடம் இரண்டு பட்டது. வீராசாமி உட்கார்ந்திருந்த மிராசுதார் வரிசை கஞ்சியின் கட்சி. எதிர் வரிசை விசுவாசத்தின் கட்சி. உப்பைத் தின்றவன் உயிரைக் கொடுப்பான், இதில் சூது என்ன இருக்கிறது என்று சந்தானமே குரல் கொடுத்தார். அந்த உப்பாவது கஞ்சியில் இருந்ததா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது எப்படி என்று அவர் மறுபடி எழும்பினார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் ஞானசுந்தரிக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை.

ரசம் வந்தது. கொஞ்சமாகச் சாப்பிட்டாள். முற்றுகை ஐம்பதாவது நாளை நெருங்கியது. மொகரம் பண்டிகை வந்தது. விடிந்தால் கடைசித் தாக்குதல். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் கோட்டைக் கதவை நோக்கி நடந்தன. மோர் வந்தது. அவள் இலையில் இனி ஒரே பிடி மோர்சாதம்தான் பாக்கி. அந்தப் பிடியை அப்படியே வைத்துக்கொண்டு போரை முடித்துவிட்டால் ஜெயம். எல்லா இலையும் திறந்தே இருக்கும், சட்டப்படி அவள் மெம்பர். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் இரண்டு வரிசையையும் பார்த்தாள். கண்கள் எல்லாம் அவள்மேல்தான் இருந்தன. ஆனால் அவை ஆற்காட்டைப் பார்க்கின்றனவா, அவளுடைய இலையைப் பார்க்கின்றனவா? விருந்தாளிக்காக உட்கார்ந்திருக்கிறார்களா, கதைக்காகவா? இப்படி ஜெயித்து உள்ளே வந்தால் மாதா மாதம் இந்தச் சந்தேகத்தோடு அல்லவா உட்கார வேண்டும். அவள் தேடி வந்தது பேச்சுத் துணை, கட்டிப் போட்ட கைதிகள் இல்லை. தவிர, தன் கதைமேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. கதவு திறந்திருந்தாலும் இவர்கள் போகமாட்டார்கள் என்று அடி மனசு சொல்லிற்று.

கடைசிப் பிடியை எடுத்துச் சாப்பிட்டாள். யானைகள் கதவுக்கு எதிரே வந்து நின்றுவிட்டன என்று சொன்னாள். பிறகு இலையின் மேல்பாதியைப் பிடித்து நிதானமாகத் தன் பக்கமாக மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் சாப்பிட்டாச்சுங்க. இனிமே உங்க இஷ்டம்.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சந்தானத்தின் கை மெல்ல நகர்ந்து தம் இலையின் நுனியில் போய் நின்றது. அவர் மூடினால் எதிரும் புதிருமாக மூடிக்கொண்டே போவார்கள், காரியதரிசிக்கு அந்தச் செல்வாக்கு உண்டு. ஞானசுந்தரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தானம் இலை நுனியிலிருந்து கையை எடுத்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டார். உள்பக்கம் திரும்பி, “சேஷு, கொஞ்சம் சாதம் கொண்டு வா” என்றார்.

சேஷு எட்டிப் பார்த்து, மோர் ஆகிவிட்டதே, இனிமேல் எதற்குச் சாதம் என்று கேட்டார்.

“காலி இலைய எத்தனை நாழிதான் தொறந்து வெச்சுண்டு உக்கார்றது? யானை வாசல்ல வந்து நிக்கறது. போடு” என்றார் சந்தானம். பிறகு தலைமாட்டில் இருந்தவளைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கோ. ஆனா அந்தக் கஞ்சி விஷயத்தை நான் ஒத்துக்கலை” என்றார்.

எதிர் வரிசையில் வீராசாமியும் சாதத்துக்குக் கை நீட்டினார். ஞானசுந்தரி செருமிக்கொண்டு, யானைகளைக் கதவில் முட்ட விட்டாள்.