அன்னாசியில் ஊறிய கோழி

மொட்டை மாடியில் கோழி சுடலாம் என்று முதலில் சொன்னவள் ஃப்ளோரன்ஸ்தான். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பழைய குடியிருப்பில், கணவன் அலெக்ஸாண்டரோடும் மகள் ரூத்தோடும் அவள் இருந்தாள். அந்த வீட்டில் கறி சமைத்து வெகுகாலமாகியிருந்தது.

அலெக்ஸாண்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். போன வருஷம் அவனுக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்று வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, அதன் பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை என்று கரண்டு வைத்தார்கள். உயிர் தங்கிவிட்டது. ஆனால் வாய் பாதிதான் திறந்தது, எச்சில் ஊறவில்லை, நாக்கு முன்போல் புரளவில்லை. பாலில் நனைத்த ரொட்டி, குழைந்த ரசம் சாதம், அவித்த முட்டை, இவ்வளவுதான் அவனால் விழுங்க முடிந்தது. பேச்சும் வழுக்கியது. வீட்டுக்குள் பேசுவான். வெளியாள் யாராவது வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அவன் முன்னால் கறி தின்ன மற்ற இருவருக்கும் மனசு வரவில்லை. அவர்களும் விட்டுவிட்டார்கள்.

சிகிச்சைக் காலத்தில் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவன் அசோகன், எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரன். அலெக்ஸாண்டரோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவன். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தினான். கரண்டு வைத்த வாரங்களில் நைட் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, தினமும் காலையில் தன் வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். இன்னொருத்தி கீழ்வீட்டு மெஹ்னாஸ், புளியந்தோப்பில் பிறந்து இங்கே கட்டிக்கொண்டு வந்தவள். ஃப்ளோரன்ஸ் திருவொற்றியூரில் இறால் பேக்கிங் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. ரூத்துக்குக் கல்லூரி. அந்தப் பகல் வேளைகளில் மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் அலெக்ஸாண்டருக்குக் கஞ்சி ஊற்றியவள் மெஹ்னாஸ். உறவுக்காரர்களே பார்க்கக் கூசிய வேலை அது.

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரியவில்லை. ஒருமுறை அசோகனிடம் ஆரம்பித்தபோது, “இன்னா அண்ணி, அசலூர்க்காரங்கிட்ட பேசற மாரி பேசிகினுகீற” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மெஹ்னாஸிடம் சொல்லப் போனால் அவள் வெங்காய விலையைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவாள். வாயால் சொல்ல விடாதவர்களுக்குச் சமைத்துத்தான் போட வேண்டும் என்று ஃப்ளோரன்ஸ் தீர்மானித்தாள். பிரியாணியென்றால் மெஹ்னாஸின் கைக்கு முன்னால் தன்னுடையது எடுபடாது. அதனால்தான் சுட்ட கோழி.

அலெக்ஸாண்டர் உடனே சம்மதித்தான். தன்னால் தின்ன முடியாவிட்டால் என்ன, அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அதில்தான் ஒரு சிக்கல். மிளகாய்ப் புகை பட்டால் அவனுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், தொண்டை வெந்ததுபோல் ஆகிவிடும். அவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் மிளகாய் கூடாது. மிளகாய் இல்லாத கோழியை யார் தின்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அன்னாசிப் பழத்தை அரைத்து அதில் கறியை ஊறவைத்துச் சுடுவதை ரூத் போனில் பார்த்துச் சொன்னாள். பழம், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் வெல்லம், உப்பு. புகையில் காரம் இருக்காது.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போதே ஃப்ளோரன்ஸ் கல்மண்டபம் மார்க்கெட்டில் நன்றாகப் பழுத்த அன்னாசியும் எலும்பில்லாத கோழியும் வாங்கி வந்தாள். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போக வேண்டும், நேரம் இருக்காது. அதனால் அன்றைக்கே அரைத்துப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். தயிரில் ஊறப்போடுவதுபோல்தானே, எவ்வளவுக்கு எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். வெல்டிங் பட்டறையில் பாதியாக அறுத்து ஓட்டை போட்ட ஒரு எண்ணெய் டிரம்மையும் நீளமான கம்பிகளையும் அசோகன் கொண்டுவந்திருந்தான். இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிய கரி பிடித்துக்கொண்டது. அலெக்ஸாண்டர் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். கடற்காற்று வேறு உதவிக்கு வந்தது. கீழே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

ஃப்ளோரன்ஸ் பாத்திரத்தைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். அது விரலிலேயே பிய்ந்தது. வேறொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. வலுக்கட்டாயமாகக் கோத்த இரண்டு கம்பிகளும் அனலில் வைத்ததுமே அவிழ்ந்து, கறி கரியில் விழுந்து கருகியது. ராத்திரி முழுக்க அன்னாசிச் சாறு இறைச்சியைத் தின்றிருந்தது. பாத்திரத்தில் இருந்தது கோழியில்லை, கூழ். போனில் அரை மணி நேரம்தான் ஊறவைக்கச் சொன்னார்கள் என்று ரூத் அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள்.

ஃப்ளோரன்ஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாதவள், ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியபோது ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஒரு பாத்திரம் கோழிக்காக அழுதாள். ஒரே ஒரு நாள் இவர்களுக்கு ஒழுங்காகச் செய்ய நினைத்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடையில் ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அசோகன் எழுந்தான். மெஹ்னாஸ் அவனை உட்காரச் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“குடுக்கா. கொயஞ்சதுனா கெட்டா பூட்ச்சு?”

கீழே போய் வடிதட்டும் கத்தியும் வெங்காயமும் கொத்தமல்லியும் பொட்டுக்கடலை மாவும் எடுத்து வந்தாள். சாற்றைப் பிழிந்து வடித்தாள். வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் பொடியாக நறுக்கிப் போட்டு, கறியோடு சேர்த்துக் கொத்தி, மாவைத் தூவிப் பிசைந்தாள். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, கம்பியைச் சுற்றி மெல்லிசாக அப்பி அழுத்தினாள். முதல் கம்பி நிற்கவில்லை. இன்னும் ஒரு பிடி மாவு சேர்த்தபோது நின்றது. அலெக்ஸாண்டர் அனலைத் தணித்து, கம்பியை விரல் நுனியால் சிறிது சிறிதாக உருட்டினான். பழச்சாறும் வெல்லமும் சேர்ந்து மேலே பொன்னிறமாகப் பிடித்தது. மணம் மாடி முழுக்கப் பரவியதும் பக்கத்துக் கட்டடத்தில் துணி எடுக்க வந்த ஒருத்தி நின்று எட்டிப் பார்த்தாள்.

வெந்த முதல் கம்பியை அசோகனுக்குக் கொடுத்தார்கள். அவன் வாயில் போட்டுவிட்டு, மெல்ல வேண்டிய வேலையே இல்லை, தானாக உள்ளே போகிறது என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. எல்லோரும் அலெக்ஸாண்டரைப் பார்த்தார்கள்.

அவன் விசிறுவதை நிறுத்தியிருந்தான். கையை நீட்டினான். ஃப்ளோரன்ஸ் ஒரு கம்பியிலிருந்து உருவி, ஊதி ஆற்றி, சின்னதாகக் கிள்ளி அவன் கையில் வைத்தாள். அவன் நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினான். நாக்கால் அழுத்தினான். ஒரு வாய் தண்ணீர் குடித்தான். மறுபடி அழுத்தினான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

கொஞ்சம் எரிகிறது என்று சைகை காட்டினான். அப்புறம் மறுபடி கையை நீட்டினான்.

அப்படி ஒரு கம்பி முழுவதையும் அவன் தின்றான். அவன் தின்னும் வரை மற்ற யாரும் தின்னவில்லை. ஃப்ளோரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, வெளியாட்கள் முன்னால் இத்தனை மாதமாகத் திறக்காத வாயைத் திறந்தான்.

“அசோகா. நான் போய்டுவேன்னுதான் எல்லாரும் பாத்தாங்க. வண்டியில பின்னாடி குந்திகினு வரும்போது, நீ ஒருத்தன்தான் அடுத்த மாசம் டூட்டி பத்திப் பேசிகினு வந்த. அதான்டா எனக்குத் தெம்பு.”

சொற்கள் வழுக்கின. ஆனால் யாருக்கும் புரியாமல் போகவில்லை. அவன் மெஹ்னாஸ் பக்கம் திரும்பினான்.

“டியூப்ல ஊத்துனா ருசி ஏதும்மா. சூடு மட்டும் தெரியும், வவுத்துல எறங்கும்போது. நீ ஒரு நாளும் சில்லுனு ஊத்தல. சுடவும் இல்ல.”

மெஹ்னாஸ் பிசைந்த கறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு பயமாவே இருக்கும்ணா,” என்றாள். “கைமேல ஊத்திப் பாத்துட்டுத்தான் ஊத்துவேன். அது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் நெனைக்கல.”

“தெரிஞ்சிது” என்றான் அலெக்ஸாண்டர்.

அசோகன் கையைத் துடைத்துக்கொண்டான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் கம்பிகளைத் தானே வாங்கி அடுப்பில் அடுக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு பேச்சு துறைமுகம், மீன் வரத்து, ரூத்தின் பரீட்சை என்று போயிற்று. அலெக்ஸாண்டரும் நடுநடுவே பேசினான். ஒரு வார்த்தை புரியாதபோது அசோகன் தயங்காமல் திரும்பக் கேட்டான், அவனும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னான்.

இருட்டும் முன் அசோகன் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு எண்ணூர் பக்கம் கிளம்பினான். மெஹ்னாஸ் தன் பிள்ளைகளுக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பாத்திரங்களை ரூத் கழுவப் போனாள். பரிமாறிக்கொண்டே இருந்ததில் தான் ஒன்றும் தின்னவில்லை என்பது ஃப்ளோரன்ஸுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை அலெக்ஸாண்டர் வழித்து எடுத்திருந்தான். ஒரு கம்பிக்குத்தான் வந்தது. அணையப் போன கரியை விசிறி, அதைச் சுட்டு அவளிடம் நீட்டினான். ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. அவள் டிரம்முக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தின்றாள்.

“உப்பு கீதா?” என்று கேட்டான். உப்பு மட்டும் அவன் நாக்குக்கு இன்னும் பிடிபடவில்லை.

“கீது” என்றாள் ஃப்ளோரன்ஸ். “சரியா கீது.”