முழு வண்டி

அண்ணன் எனக்கு, சரிவில் ஏறிக் குதிக்கிற பிஎம்எக்ஸ் சைக்கிள் ஒன்று கட்டித் தருகிறான். இரண்டு வருஷமாகத் தந்துகொண்டே இருக்கிறான்.

அவன் சைக்கிள் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் வெறும் சட்டம் மட்டும் தொங்குகிறது. போன மாசம் சக்கரத்துக்கு நடுவில் வைக்கிற ஹப் வந்தது, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினான். அதற்கு முன்னால் ஹேண்டில்பார். "கடையில விக்கிற முழு வண்டியெல்லாம் ஆகாது. நான் பார்த்துப் பார்த்துக் கட்டுறேன், கொஞ்சம் பொறு" என்பான். பொறுத்துப் பொறுத்து எனக்கு இருபத்துமூன்று வயதாகிவிட்டது.

இவ்வளவு நாளும் அவனுக்குத் தெரியாமல் தோழியின் வண்டியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, வண்டியும் அவளோடு போகிறது. வாரம் முழுக்க கண்ணாடிக் கடையின் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு சிமெண்டுச் சரிவில் ஏறி ஒரு நொடி அந்தரத்தில் நிற்பதுதான் எனக்கு மூச்சு. அதுவும் போனால் செத்துப்போவேன் என்று நிஜமாகவே தோன்றியது.

அதனால் சனிக்கிழமை மதியம், அண்ணனை யாருக்கும் தெரிந்திருக்காது என்று நம்பி, ஊரின் மறுகோடியில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன்.

என் கையிலிருந்த காசுக்கு மூன்று வண்டிகள் தேறின. சிவப்புக்குச் சட்டம் முழுக்க குரோமோலி எஃகு, லேசில் வளையாது. ஆனால் பின்சக்கரத்தின் ரிம் ஒற்றைச் சுவர், நாலு குதியில் கோணிவிடும். நீலம் எல்லாவற்றிலும் நல்லது, ஆனால் ஆறடி ஆளுக்குச் செய்தது. கறுப்பில் சட்டத்தின் முன்பாதி மட்டும் குரோமோலி, பின்பாதி சாதா இரும்பு. சக்கரம் கெட்டி, பேரிங் எல்லாம் மூடி போட்டது, தூசி போகாது. ஏறி நின்றால் முட்டி ஹேண்டிலில் இடிக்கவில்லை. மனசு கறுப்பிலேயே நின்றது.

அங்கேதான் சொதப்பினேன். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, சீட்டில் காதை வைத்துக் கேட்டேன். பேரிங்கில் மணல் அளவுக்குக் கரகரப்பு இருந்தாலும் சட்டம் வழியாகக் காதுக்கு வந்துவிடும். சின்ன வயசிலிருந்து வீட்டில் அப்படித்தான் பார்ப்போம், அதனால் கை தானாகச் செய்துவிட்டது.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"யாரும்மா நீ? இப்படிக் காது வச்சுக் கேக்கற ஆள் ஊர்லயே ஒருத்தன்தான். அவன் தங்கச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

"அங்கிள், வேணாம்."

"தப்பா நினைக்காதம்மா. ஒரு மெக்கானிக் வீட்டுக்கு அவனைக் கேக்காம இன்னொருத்தன் வண்டி விக்கறது கிடையாது. நாளைக்கு அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? உக்காரு, டீ சொல்றேன்."

கிளம்பியிருக்கலாம். ஆனால் எழுந்து போனால் ஓடிப்போன மாதிரி ஆகிவிடும். டீயை வைத்துக்கொண்டு எலிப்பொறியில் மாட்டிய எலி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கிரீஸ் கையோடு வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். குனிந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தான்.

"இது ரிம் தாங்காது. அது உனக்கு நீளம். இதுல பின்னாடி வெல்டிங் பாரு, சாதா இரும்பு. ஒரு வருஷத்துல விட்டுடும்."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. எரிச்சலே அதுதான். இரண்டு வருஷமாக இவன் சரியாகச் சொல்லிச் சொல்லியே என்னை உட்கார வைத்திருக்கிறான்.

"ஒரு வருஷம் ஓட்டினா போதும்," என்றேன்.

"நான்தான் கட்டித் தரேன்னு சொன்னேன்ல?"

"எப்ப?"

"சாமான் அமையட்டும்."

"அமையவே அமையாது. உனக்கு முடிக்கவே மனசில்லண்ணா!"

கடைக்காரர் நைசாக உள்ளே போய்விட்டார். அண்ணன் கறுப்பு வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முடிச்சுக் குடுத்தா நீ ஓட்டுவியே," என்றான்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நீ வண்டியோட விழுந்தப்ப, ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடினது நான். தோள் எலும்பு தோலைக் குத்திக்கிட்டு நிக்குது. நீ வலிக்குதுன்னுகூடச் சொல்லல. வண்டி உடைஞ்சிடுச்சா, வண்டி உடைஞ்சிடுச்சான்னு வழியெல்லாம் அதையே கேட்டுக்கிட்டு வந்த. புதுசு கட்டித் தரேன்னு சொன்னாத்தான் நீ வாயை மூடுவன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. பூட்டி வைத்தவன் கெட்டவனாக இருந்தால் கதவை உடைத்துக்கொண்டு போய்விடலாம். இவன் பாசத்தோடு வந்து வாசலில் நிற்கிறான். இவனை எங்கே தள்ளிவிட்டுப் போவது? வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட வாய் திறந்தேன். ஆனால் நாளைக்கும் அதற்கடுத்த நாளும் அந்தப் பின்னறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பது கண்முன் வந்தது.

"கறுப்பு," என்றேன்.

 அவன் கடைக்காரரிடம் ஆலன் கீ வாங்கி, ஹேண்டில் போல்ட்டுகளை இறுக்க ஆரம்பித்தான். நாலையும் இறுக்கினான். தளர்த்தினான். மறுபடி முதலிலிருந்து இறுக்கினான். காசைக் கட்டிவிட்டு வந்து பார்த்தால், திரும்பவும் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"போதும்ணா."

"இன்னும் ஒரு தடவை."

நான் கையை நீட்டினேன். அவன் கீயைத் தரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.